ஓ.டி. என்றால் ஓவர்டைம் இல்லை

எங்கள் டோல்கேட்டில் 'ஓ.டி.' என்றால் ஒரே அர்த்தம்தான். ஓவர்டைம். "அப்பா ஓ.டி. பாக்குறாரு, நைட்டு லேட்டாத்தான் வருவாரு" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஹார்பர், மணலி, எண்ணூர் என்று வேலைக்குப் போகிற வீடுகளில் தீபாவளித் துணி, ஸ்கூல் ஃபீஸ் எல்லாமே அந்த ஓ.டி. காசில்தான் நடக்கும். ஆகவே எங்கள் தெரு அக்கா ஒருவர் நாலரை வருடம் படித்து முடித்து வந்து "நான் ஓ.டி." என்று சொன்னபோது தெருவே கொஞ்சம் குழம்பியது. பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் தெளிவாகக் கேட்டார்: "ஓ.டி. சரிம்மா, வேலை எங்க?"

அது ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் தொழில்வழி சிகிச்சை என்று எழுதுகிறார்கள். ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி., கற்றல் குறைபாடு இருக்கிற பிள்ளைகளுக்காக டோல்கேட்டிலேயே சின்னதாக ஒரு மையம் ஆரம்பிக்க வேண்டும் என்பது அந்த அக்காவின் ஆசை. "டேய், நீதான் பி.காம். படிக்கிறியே, ஒரு கணக்கு போட்டுக் குடுடா" என்று என்னிடம் வந்தார். இரண்டு மாதமாக அந்தக் கணக்கோடுதான் குடித்தனம். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பருக்குக்கூட நான் இவ்வளவு உட்கார்ந்ததில்லை :-) கணக்கு போடப் போய்த் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். ஆக்குபேஷன் என்றால் தொழில். ஐந்து வயசுப் பிள்ளைக்கு என்ன தொழில்? விளையாடுவது, சாப்பிடுவது, சட்டை போடுவது, பல் தேய்ப்பது, வகுப்பில் உட்காருவது, தூங்குவது. இதில் எது ஒன்று முடியாமல் போனாலும், ஏன் முடியவில்லை என்று பார்த்து, பிள்ளையையும் பழக்கி, சுற்றி இருப்பதையும் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பதுதான் இவர்களுடைய வேலை.

இது நேற்று முளைத்த படிப்பு இல்லை. 1917 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சிலர் கூடி இதற்கு முதல் சங்கம் வைத்தார்கள். முதல் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களால் இந்தத் தொழில் வளர்ந்தது. நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். பிறப்பால் அமெரிக்கர், கல்யாணத்தால் மராட்டிய மருமகள். 1950ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான முதல் பள்ளியை ஆரம்பித்தார். 1952ல் அகில இந்தியச் சங்கம் வந்தது. அதே வருடம் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இத்தனைக்குப் பிறகும் டோல்கேட் பாட்டிக்கு ஓ.டி. என்றால் ஓவர்டைம்தான். இந்தத் தொழில் எங்கள் பக்கம் வந்து சேரவே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்றால், எங்கள் வீட்டிலேயே ஒரு குட்டி இருக்கிறான். பெரியம்மா பேரன். நான் அவனுக்கு மாமா. ஐந்து வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். டி.எச். ரோட்டில் கண்டெய்னர் லாரி ஹார்ன் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் போய்த் தன்னைத்தானே அழுத்திக்கொண்டு நிற்பான். வெறும் சோறு மட்டும் சாப்பிடுவான், குழம்பு பட்டால் தட்டைத் தள்ளிவிடுவான். "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது.

இதற்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது என்று ஓ.டி. அக்கா சொல்லித்தான் தெரிந்தது. நமக்கு ஐம்புலன் என்று படித்திருக்கிறோம். அது போக உள்காதில் இருந்து வரும் சமநிலை உணர்வு ஒன்று, தசையிலும் மூட்டிலும் இருந்து வரும் அழுத்த உணர்வு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டாலும் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதல்லவா, அதுதான் இரண்டாவது. இதெல்லாம் மூளையில் ஒழுங்காகச் சேர்ந்தால்தான் பிள்ளை நிதானமாக இருக்கும் என்று சொன்னவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் அயர்ஸ். அவரும் ஓ.டி.தான். 1972ல் இதைப் புத்தகமாக எழுதினார். சிலருக்கு ஒரு உணர்வு அளவுக்கு மேல் கேட்கும், சிலருக்குப் பத்தாது. குட்டிக்கு ஹார்ன் சத்தம் அளவுக்கு மேல். அழுத்தம் பத்தவில்லை. அதனால்தான் சந்தில் போய் நிற்கிறான். இது வியாதி இல்லை, மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது. இந்த எண்ணம் 1990களில் ஆட்டிசம் உள்ளவர்களே இணையக் குழுக்களில் பேசிப் பேசி உருவானது. நியூரோடைவர்ஸிட்டி என்ற பெயரும் அங்கிருந்துதான் பரவியது. ஆகவே "குணப்படுத்துகிறோம்" என்று யாராவது போர்டு வைத்தால் இரண்டு அடி தள்ளி நிற்பது நல்லது.

குட்டியின் அம்மாவை, அதாவது என் பெரியக்காவை, பற்றிச் சொல்ல வேண்டும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராக இருந்தவர். தெரபிக்கு நகரத்தின் இன்னொரு பக்கம் இருக்கிற ஒரு மையத்துக்கு (பெயர் வேண்டாம்) வாரம் இரண்டு நாள், இரண்டு பஸ் மாறிக் கூட்டிப்போனார். 2021ல் இருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் பஸ் காசு பிரச்சினை இல்லை. நேரம்தான் பிரச்சினை. போக வர மூன்றரை மணி நேரம், நடுவில் தெரபி முக்கால் மணி நேரம். வாரம் இரண்டு நாள் லீவு கொடுக்க எந்தக் கம்பெனி ஒத்துக்கொள்ளும்? வேலை போனது. சத்தம் தாங்காத பிள்ளையைக் கூட்ட பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினால், போய்ச் சேரும்போதே அவன் களைத்திருப்பான். அங்கே போனால் அம்மாவை உள்ளே விட மாட்டார்கள். வெளியே பிளாஸ்டிக் சேர். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும். "இன்னைக்கு நல்லா கோஆப்பரேட் பண்ணான் மேடம்." அவ்வளவுதான் ரிப்போர்ட். என்ன செய்தார்கள், வீட்டில் என்ன செய்ய வேண்டும், எதுவும் தெரியாது. மூன்று மாத ஃபீஸ் மட்டும் முன்பணம்.

இங்கே ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். தினமும் பத்து மணி நேரம் பிள்ளை தூங்குகிறது என்று வையுங்கள். 70 போக மீதி 98. தெரபி ஒன்றரை மணி நேரம். பாக்கி 96.5 மணி நேரம் பிள்ளை வீட்டோடும் பள்ளியோடும்தான் இருக்கிறது. அந்த 96.5ஐ விட்டுவிட்டு 1.5ஐ மட்டும் காசு கொடுத்து வாங்கினால் எப்படி?

ஓ.டி. அக்கா குட்டியைப் பார்க்க வீட்டுக்கு வந்தபோது இதை நேரில் பார்த்தேன். கையில் எந்தச் சாமானும் இல்லை. எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குழாயடியில் இருந்து சின்னக் குடத்தில் பாதித் தண்ணீர் எடுத்து வருவதைக் குட்டியின் வேலையாக்கினார். கனமானதைத் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது எல்லாம் அவன் தேடுகிற அந்த அழுத்தத்தைக் கொடுக்குமாம். சப்பாத்தி மாவு பிசைய வைத்தார். அரிசித் தவலைக்குள் கைவிட்டுப் பட்டன் தேட வைத்தார். பெரியம்மா பழைய சேலையில் தூளி கட்டித் தரட்டுமா என்று கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு. மையத்தில் விலை கொடுத்து வாங்கி மாட்டுகிற துணி ஊஞ்சல் செய்கிற வேலையும் அதுதானாம். உடம்பை அணைத்துப் பிடிக்கும், கூடவே ஆட்டும். ஆனால் கொக்கி தாங்குமா என்று பார்க்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், சில பிள்ளைகளுக்கு ஆட்டினால் இன்னும் பரபரப்பு ஏறும், அதனால் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். எதை, யாருக்கு, எவ்வளவு நேரம் என்று தெரிவதற்குத்தான் அந்த நாலரை வருடப் படிப்பு.

சரி, என் பாடத்துக்கு வருகிறேன். டோல்கேட்டில் ஒரு அறை. கணக்குக்காக ரவுண்டாக வைத்துக்கொள்வோம். வாடகை 12,000. கரண்ட் 2,000. உதவிக்கு ஒரு ஆள் 10,000. இதர செலவு 3,000. அக்காவுக்குச் சம்பளம் 25,000. மொத்தம் மாதம் 52,000. ஒரு அமர்வுக்கு 400 ரூபாய் என்றால் 130 அமர்வு நடந்தால்தான் தலைக்கு மேல் தண்ணீர் போகாது. 26 வேலை நாள், நாளுக்கு ஐந்து. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வருவது நாலு மணிக்கு மேல். நாலில் இருந்து ஏழுக்குள் முக்கால் மணி நேர அமர்வு நாலுதான் போகும். 26 x 4 = 104. துண்டு விழுவது 26 அமர்வு. அதாவது தினமும் காலையில் ஒரு பிள்ளையாவது வர வேண்டும். காலையில் யார் வருவார்கள்? ஸ்கூல் வயசு வராத இரண்டு, மூன்று வயசுப் பிள்ளைகள். எவ்வளவு சின்ன வயதில் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லா மருத்துவர்களும் சொல்வது இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். கடைக்கு வேண்டியதும் பிள்ளைக்கு வேண்டியதும் இந்த ஒரு இடத்தில் ஒன்றாகிவிடுகிறது. அங்கன்வாடி டீச்சரிடம் போய்ப் பேசினால் அது விளம்பரமும் ஆகும், சேவையும் ஆகும்.

சாயங்காலத்தில்தான் வம்பு. எந்தக் கடையிலும் பழைய கஸ்டமர் திரும்பத் திரும்ப வந்தால் லாபம். புது கஸ்டமரைப் பிடிப்பதைவிடப் பழையவரை வைத்துக்கொள்வது செலவு குறைவு என்று மார்க்கெட்டிங்கில் படிக்கிறோம். இந்தத் தொழிலில் நன்றாக வேலை செய்தால் கஸ்டமர் போய்விடுவார்! பிள்ளை தானாகச் சட்டை போட ஆரம்பித்தால், அம்மா தானாகச் சமாளிக்கக் கற்றுக்கொண்டால், வரவு நின்றுவிடும். அமர்வுக்கு இவ்வளவு என்று வாங்குகிற மையத்துக்கு அம்மாவை உள்ளே விடாமல் இருப்பதில் லாபம் உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டும் என்றுகூட இல்லை, கணக்கே அந்தப் பக்கம் இழுக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. உணர்வு ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்கு இதுவரை இருக்கும் ஆதாரம் குறைவு, அதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள், இலக்கு வைத்து, காலக்கெடு வைத்து, பலன் தெரிகிறதா என்று பாருங்கள் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு நல்ல ஆய்வுகள் சில வந்திருக்கின்றன. இருந்தாலும் அந்தப் புத்திமதி இன்றைக்கும் சரிதான். "வந்துக்கிட்டே இருங்க, சரியாயிடும்" என்பது சிகிச்சை இல்லை, சந்தா.

இதற்கு வழியே இல்லையா என்று தேடியபோது இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன. ஒன்று நம் சென்னையிலேயே, கோட்டூர்புரம் வித்யாசாகர். 1985ல் பூனம் நடராஜன் ஆரம்பித்தது. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையனின் அம்மா அவர். பிற்பாடு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்கே தலைவராக இருந்தார். தினமும் வர முடியாத தூரத்துக் குடும்பங்களுக்கு, வீட்டிலேயே என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்து அனுப்பும் வழக்கம் அங்கே உண்டு. அம்மாவாக இருந்தவர் ஆரம்பித்த இடத்தில் அம்மாக்கள் வெளி சேரில் உட்காரவில்லை.

இன்னொன்று தென்காசி பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம். கடற்படை அதிகாரி தேர்வின் உடற்பயிற்சியில் 1975ல் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981ல் சொந்த ஊரில் தொடங்கியது. 2020ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவரோடு சேர்ந்து அதை நடத்தியவர் சங்கரராமன். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர், படிப்பு... சி.ஏ.! (காமர்ஸ் மக்களே, காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.) அங்கே செய்வது என்னவென்றால், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். அவர்கள் பிள்ளையைப் பார்த்து, அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்து, விவரத்தை மொபைல் செயலியில் பதிகிறார்கள். படித்த தெரபிஸ்டுகள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். தெரபிஸ்டுகள் குறைவு, ஊர்கள் அதிகம் என்ற இடத்தில் கண்டுபிடித்த வழி அது. டோல்கேட்டும் அந்த விஷயத்தில் ஒரு கிராமம்தான். 2021 பிப்ரவரியில் எங்களுக்கு மெட்ரோவே வந்துவிட்டது, ஸ்டேஷனுக்கு 'சுங்கச்சாவடி' என்று அழகாகப் பெயரும் வைத்துவிட்டார்கள், தெரபிக்கு மட்டும் இன்னும் ஊரைக் கடந்து போக வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கணக்கை மாற்றிப் போட்டேன். வாரம் இரண்டு அமர்வு என்றால் சாயங்காலம் 12 குடும்பங்களைத்தான் பார்க்க முடியும். வாரம் ஒன்று, அம்மாவோ அப்பாவோ கட்டாயம் உள்ளே, நடுவில் ஒரு நாள் போனில் ஐந்து நிமிடம் என்று வைத்தால் 24 குடும்பங்கள். வாரத்துக்கு அதே 24 அமர்வு, அதே வருமானம். ஒரு குடும்பத்துக்குச் செலவு பாதி, அலைச்சல் பாதி. முதல் நாளே மூன்று இலக்கு, தமிழில், ஒரே தாளில். 'டிபன் பாக்ஸைத் தானே திறப்பது' மாதிரி அளந்து பார்க்கக் கூடிய இலக்கு. பன்னிரண்டு வாரம் கழித்து உட்கார்ந்து பார்ப்பது. முடிந்திருந்தால் மாதம் ஒரு முறை வந்தால் போதும். முடியவில்லை என்றால் ஏன் என்று பேசி வழியை மாற்றுவது. கஸ்டமர் சீக்கிரம் போய்விடுவாரே என்றால், போகட்டும். "அங்க போனோம், மூணு மாசத்துல விட்டாங்க" என்று ஒரு அம்மா குழாயடியில் சொன்னால் அதைவிட விளம்பரம் எங்கள் ஏரியாவில் கிடையாது.

அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "இதுல நான் லீவு போட்டா என்னடா ஆகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் வரவு நிற்கும், வாடகை நிற்காது. அதனால் முதல் ஆறு மாதத்துக்கு அவர் இப்போது இருக்கிற மருத்துவமனை வேலையைக் காலையில் பகுதி நேரமாக வைத்துக்கொள்வது என்றும், காலைப் பிள்ளைகளை வாரம் இரண்டு நாளில் சேர்த்துப் பார்ப்பது என்றும் முடிவு. சாமானுக்கு முத்ரா கடன். சிசு பிரிவில் 50,000 வரை கொடுக்கிறார்கள். மருத்துவ சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்பதால் ஃபீஸில் வரி சேர்க்க வேண்டாம். ஆனால் ஊஞ்சலுக்கும் பாய்க்கும் நாம் கட்டுகிற ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கவும் முடியாது. (இன்டர்னலில் வரலாம், குறித்துக்கொள்ளவும்.)

படிக்கிற பெற்றோர் யாராவது இருந்தால் உங்களுக்குச் சில விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழும் யு.டி.ஐ.டி. அட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை, தெரபி செலவும் சேர்த்து வரும். தமிழ்நாடு அரசு உலக வங்கி உதவியோடு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் பக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தனியாரிடம் போனால் தெரபிஸ்ட் என்ன படித்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 2021ல் வந்த சட்டம் இந்தத் தொழிலையும் பதிவு வரம்புக்குள் கொண்டு வந்திருக்கிறது. அப்புறம், "நான் உள்ள வந்து பாக்கலாமா?" என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

அறை இன்னும் கிடைக்கவில்லை. மூன்று வீட்டுக்காரர்கள் "அந்த மாதிரி புள்ளைங்களா..." என்று இழுத்துவிட்டுப் பத்து மாத அட்வான்ஸைப் பதினைந்தாக்கினார்கள். காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு தரைத்தள அறை பேச்சில் இருக்கிறது. மெயின் ரோட்டில் இருந்து இரண்டு சந்து உள்ளே. லாரி சத்தம் கொஞ்சம் குறைவு. குட்டியைக் கூட்டிப்போய்க் காட்டினோம். காதைப் பொத்தவில்லை. சுவரில் முதுகை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். ஓனரம்மா அவனுக்கு ஒரு பிஸ்கெட் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் விஷயமாக நானும் அக்காவும் திரும்பப் போகிறோம்.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவில் ஒரு வயசு தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை இருந்தால், "பையன்னா லேட்டாத்தான் பேசும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஒரு நாள் அலைச்சல். இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் மிச்சம்.